திறந்தவர் கையொப்பம்

— அப்போ என் கடுதாசிய நீங்க தொறக்கல.

— நான் தொறக்கல ஜெயந்தினி. பெரிய கிளாக்கர் தொறந்தாரு.

— இந்தத் தோட்டத்துல பெரிய கிளாக்கர் யாருங்க?

— நான்தான்.

— அப்பிடிங்களா.

— விசயம் என்னன்னா, ரெண்டும் வேற வேற ஆளு. ஆபீஸ் கதிரையில உக்காந்திருக்கிறவரு சம்பளத்துக்குத் தொறக்குறாரு. வீட்டுல ஒன் புருசனா உக்காந்து பிளேன்டீ குடிக்கிற சுதாகரனுக்கு அந்தக் கடுதாசியில என்ன இருக்குன்னு தெரியாது. தெரியவும் கூடாது. அதுதான் முறை.

— அப்போ அந்தப் பெரிய கிளாக்கர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க, என் பேருக்கு வந்தது எங்க இருக்குன்னு.

— அவரு வீட்டுக்கு வந்தா ஆபீஸ் விசயம் பேச மாட்டாரு.

— பேச மாட்டாரா? தூக்கத்துல கூட "உள்வரும் தபால், வெளிச்செல்லும் தபால்"னு பெனாத்துறாரே.

— ஒனக்குக் கடுதாசி வந்திருக்குன்னு யாரு சொன்னா?

— தபால்காரர் செல்லசாமி அண்ணன்தான். காலையில நான் பிள்ளைங்களப் பாத்துக்குற மடுவத்தத் தாண்டிப் போறப்ப கூப்பிட்டுச் சொன்னாரு. "டீச்சரம்மா, ஒங்க பேருக்கு நுவரெலியாவுலேர்ந்து கவர்மெண்டு கடுதாசி வந்திருக்கு, ஆபீஸ் பையில போட்டிருக்கேன்"னு. நான் வாசல்ல நிக்கிறேன், இடுப்புல ஒரு கைப்பிள்ள. அவரு என் முன்னால நிக்கிறாரு, தோள்ல பை. பைக்குள்ள என் கடுதாசி. "இங்கனயே குடுத்துட்டுப் போங்கண்ணே"ன்னேன். "ஆபீஸ் பையில விழுந்தது ஆபீஸுக்குத்தான் போகணும், பெரிய கிளாக்கர் உத்தரவு"ன்னாரு. எனக்கு எம்புட்டுப் பெருமையா இருந்திச்சு தெரியுங்களா. புருசன் போட்ட உத்தரவு பொஞ்சாதியத்தான் மொதல்ல மறிக்குது.

— செல்லசாமி நல்ல மனுசன். விதிய மீற மாட்டான்.

— நீங்க மீறுவீங்களா?

— நானா? விதிய எழுதுனதே நான்தானே.

— எனக்குத் தெரியாதா. பிள்ளைங்கள நிறுக்குற தராசுக்கு மேல நீங்கதானே கொண்டு வந்து ஒட்டுனீங்க. தெனம் ஒரு தடவ படிக்கிறேன். "தோட்ட முகவரிக்கு வரும் சகல கடிதங்களும், யாருடைய பெயருக்கு வந்திருப்பினும், தனிப்பட்டது எனக் குறிக்கப்பட்டிருப்பினும், அலுவலகத்தில் திறக்கப்பட்டு முத்திரையிடப்பட்ட பின்னரே உரியவரிடம் கையளிக்கப்படும்."

— நல்லா இருக்கில்ல?

— என்னது நல்லா இருக்கு?

— அந்த நடை. "இருப்பினும்" ரெண்டு தடவ வந்து, அப்பறம் இறங்கி வருதே. மேனேஜர் துரை இங்கிலீஷ்ல ஒத்த வரிதான் குடுத்தாரு, "ஆபீஸ் கடுதாசிய யாரு பேருக்கு வந்தாலும் தொறந்து பாத்துருங்க"ன்னு. அதக் குளிப்பாட்டிச் சட்ட போட்டு ஆளாக்குனது நான்.

— துரை ஆபீஸ் கடுதாசின்னுதான் சொன்னாரா?

— அவரு மேல குத்தம் சொல்ல முடியாது. பேக்டரி டீமேக்கர் பேருக்குக் கொழும்புலேர்ந்து ஒரு கடுதாசி வந்திச்சு. டீமேக்கர் லீவுல இருந்தாரு. பேரு போட்டிருக்கேன்னு ஒருத்தரும் தொடல. அது மேசையில கெடந்து, கடைசியில ஏலத்துக்குப் போன தேயில லொட்டு ஒண்ணு அப்பிடியே திரும்பி வந்திருச்சு. துரைக்குக் கோவம் வராதா? அவரு புதுசு. ஆபீஸ் விலாசத்துக்கு ஆபீஸ் விசயந்தான் வரும்னு நெனச்சாரு. இங்க லயத்து வீடுகளுக்கு நம்பர் கெடையாது, ரோட்டுக்குப் பேரு கெடையாது, கல்யாணக் கடுதாசி, சாவுக் கடுதாசி எல்லாமே ஆபீஸ் விலாசத்துக்குத்தான் வந்து சேரும்னு அவருக்கு எப்பிடித் தெரியும்?

— ஒங்களுக்குத் தெரியுமே.

— தெரியும். எழுதுறப்ப ஞாபகம் வரல. வாக்கியம் அம்புட்டு நல்லா வந்துக்கிட்டிருந்திச்சு.

— முத்திரையும் துரை சொன்னதா?

— முத்திரை என் யோசனை. ராகலையில சொல்லிச் செஞ்சது. மேல "திறக்கப்பட்டது", நடுவுல தேதி, கீழ ஒரு கோடு போட்டு "திறந்தவர் கையொப்பம்". அந்தக் கோட்டுல கையெழுத்துப் போடுறப்ப, ஜெயந்தினி, எனக்குள்ள ஒரு நீதவான் வந்து உக்காந்துக்கிருவாரு. உறைய வெட்டுறதுக்குன்னு பித்தளைக் கத்தி ஒண்ணும் வாங்குனேன். ஒரு தடவ துரை பாத்துட்டு, "சுதாகரன் மாதிரி நேரா வெட்டுறதுக்கு ஆள் இல்ல"ன்னாரு. அன்னைக்கு நான் வீட்டுக்கு நடந்து வரல, மெதந்து வந்தேன்.

— ஞாபகம் இருக்கு. ரெண்டாவது தடவ சோறு கேட்டீங்க.

— பாராட்டுனாப் பசிக்கும்.

— அந்தப் பித்தளைக் கத்தியிலதானே பிரதாப் தம்பியோட கடுதாசியையும் வெட்டுனீங்க.

— பேக்டரி பிரதாப்பா? அது கடுதாசி இல்ல, விளம்பரத் தாளு. முடி வளர்ற எண்ணெய்க்கு எழுதிப் போட்டிருக்கான்.

— அன்னையிலேர்ந்து அந்தத் தம்பி தொப்பியக் கழட்டுறதே இல்ல. பேக்டரிக்குள்ள அம்புட்டு சூட்டுலயும்.

— நான் என் பேருக்கு வந்தத மட்டும் விட்டுட்டேனா? கோத்தகிரி அத்தை எழுதுனதையும் வெட்டி, முத்திரை குத்தி, துரை ட்ரேயில வச்சேன். விதின்னா எல்லாருக்கும் விதி. துரைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதேன்னு ஒரு தைரியம். அவரு ஸ்டோர் கிளாக்கரக் கூப்பிட்டு வாசிச்சுச் சொல்லச் சொல்லிட்டாரு. "நீ சின்னப் பிள்ளையில முறுக்கு டின்னுக்குள்ள கைய விட்டு எடுக்க முடியாம அழுதது இன்னைக்கு ஞாபகம் வந்திச்சு"ன்னு அத்தை எழுதியிருந்திச்சு. ஆபீஸே சிரிச்சிச்சு. பெரிய கிளாக்கரும் சேந்து சிரிச்சாரு. சுதாகரன் மட்டும் சிரிக்கல.

— சுலக்ஷனாவும் சிரிக்கல, அவ கடுதாசியத் தொறந்தப்ப.

— அத எதுக்கு இப்ப இழுக்குற?

— நான் இழுக்கலைங்க. அது அங்கனயேதான் கெடக்கு. நீங்கதான் சுத்திச் சுத்திப் போறீங்க.

— அந்தக் கடுதாசிய நான் ஒருத்தருக்கும் வாசிச்சுக் காட்டல. சத்தியமா வாயத் தொறக்கல. உறையத்தான் தொறந்தேன்.

— தொறந்து எங்க வச்சீங்க?

— ட்ரேயில.

— ட்ரே எங்க இருக்கு?

— கவுண்டர் மேல.

— கவுண்டருக்கு யாரு வருவா?

— எல்லாருந்தான் வருவாங்க.

— மேல மொத வரியில என்ன அச்சடிச்சிருந்திச்சு?

— கிளினிக் பேரு.

— பிள்ளை இல்லாதவங்களுக்கு வைத்தியம் பாக்குற கிளினிக். அவளும் புருசன் சின்னராசாவும் மாமியாருக்குக் கூடச் சொல்லாம போய்க்கிட்டு இருந்தாங்க. எனக்கே தெரியாது. என்கூட பிள்ளை மடுவத்துல வேல செய்யிறவ, பக்கத்துல உக்காந்து சாப்புடுறவ, எனக்கே சொல்லல. அன்னைக்கு சாயந்தரம் கொழுந்து நிறுக்குற எடத்துல ராக்காயி அக்கா அவளக் கூப்பிட்டு, எந்தக் கோயிலுக்குத் தொட்டில் கட்டணும்னு சொல்லுது. கெட்ட மனசோட இல்ல, பாசத்துலதான். மறுநாளு ஆளுக்கொரு வைத்தியம். ஒருத்தி வேரு கொண்டாந்தா, ஒருத்தி தாயத்துக் கொண்டாந்தா.

— நல்லதுக்குத்தானே சொன்னாங்க.

— இருங்க, முடிக்கல. அதுக்குப் பொறகு ஒரு காலையில, கைப்பிள்ளைய விட வந்த தாய்மாரு ரெண்டு பேரு அவகிட்ட குடுக்கல. அவ வாசல்ல கைய நீட்டிக்கிட்டு நிக்கிறா. அவளத் தாண்டி உள்ள வந்து என் கையில குடுத்துட்டுப் போனாங்க. ஒரு வார்த்தை பேசல. குடுக்கல, அம்புட்டுதான். அவ நீட்டுன கைய அப்பிடியே மடக்கிக்கிட்டு பாய் விரிக்கப் போனா.

— எனக்கு இது தெரியாது.

— ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? இத யாரும் எழுதி அனுப்பலையே, தொறந்து பாக்க.

— ஜெயந்தினி.

— அந்த வாரமே வலப்பனைக்கு அம்மா வீட்டுக்குப் போனவதான். சின்னராசா போய்க் கூப்பிட்டும் வரல. நீங்க என்னன்னா பித்தளைக் கத்திக் கதை சொல்லிக்கிட்டிருக்கீங்க. என் கடுதாசிய எடுங்க.

— ஆபீஸ் விலாசம்னா அது ஆபீஸுக்குச் சொந்தம்தானே. நான் துரைக்காகப் பேசல, நியாயத்தச் சொல்றேன்.

— விலாசம் தோட்டத்துது. பேரு என்னது. இந்த வீடுந்தான் தோட்டத்துது. அதுக்காகத் துரை வந்து என் சட்டி மூடியத் தொறந்து பாப்பாரா?

— போன இன்ஸ்பெக்சன்ல பாத்தாரே. கருவாட்டுக் கொழம்பு. "வாசம் நல்லா இருக்கு"ன்னாரு.

— நீங்க சிரிக்க வச்சுத் தப்பிக்கலாம்னு பாக்குறீங்க. கடுதாசி எங்கங்க?

— சாப்பாட்டுப் பையில. ரொட்டி டப்பாவுக்கு அடியில. தொறந்து எடுத்துக்க.

— நீங்களே தொறங்க. ஒங்களுக்குத்தான் கை பழக்கம்.

— இந்தா. ஓரத்துல கொஞ்சம் தேங்காச் சம்பல் பட்டிருச்சு.

— கவர்மெண்டு கடுதாசிய ட்ரேயில வைக்காம சம்பலுக்குள்ள எதுக்கு வச்சீங்க?

— வாசி. தெரியும்.

— "திருமதி சு. ஜெயந்தினி, சிறுவர் பராமரிப்பு நிலையப் பொறுப்பாளர். ஊழியர்களின் பெயருக்கு வரும் கடிதங்களைத் தொழில்தருநர் திறப்பது தொடர்பான தங்கள் முறைப்பாடு கிடைக்கப்பெற்றது. இது குறித்து விசாரணை மேற்கொள்வதற்கு, அவ்வாறு திறக்கப்பட்ட கடிதம் ஒன்றின் உறையையோ, திறந்தவர் யார் என்பதற்கான வேறு சான்றையோ அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

— அந்த எடத்துல நிறுத்து.

— நிறுத்திட்டேன்.

— அத நான் மூணு தடவ வாசிச்சேன். மொதல்ல பெரிய கிளாக்கரா வாசிச்சேன். உள்வரும் தபால், சரி, முத்திரை, சரி, கையொப்பம், சரி. அப்பறம் புருசனா வாசிச்சேன். அடிப் பாவி, இவ எப்ப இத எழுதுனா, பக்கத்துல படுத்திருந்தாளேன்னு. மூணாவது தடவ குத்தவாளியா வாசிச்சேன். கன்னம் வச்ச எடத்துல கையெழுத்தும் போட்டு, தேதியும் குத்திட்டு வந்த திருடன எங்கயாச்சும் கேள்விப்பட்டிருக்கியா? ஒனக்கு வாச்சிருக்கான். சாட்சி எங்கன்னு கேட்டு வந்த கடுதாசிய நானே சாட்சியா மாத்திக் குடுத்துட்டேன். அதுவும் எம்புட்டு நேரா வெட்டி.

— நான் நெனைக்கவே இல்லைங்க. இப்பிடிக் கேப்பாங்கன்னு.

— நெனைக்காம செஞ்சாத்தான் இப்பிடி அமையும். எனக்கு ஏன் சொல்லல?

— சொன்னா தடுத்திருப்பீங்க.

— தடுத்திருப்பேன்.

— அதுதான் சொல்லல.

— முறைப்பாட்டுல என் பேரு எழுதுனியா?

— "பெரிய கிளாக்கர்"னு எழுதுனேன்.

— அதாவது என்னைய எழுதல, அவரத்தான் எழுதுன.

— நீங்க சொல்லிக் குடுத்ததுதான். ரெண்டும் வேற வேற ஆளுன்னு.

— நல்லாத்தான் மாட்டுனேன். சரி, பதில் வர்றதுக்கு ஏன் ஆபீஸ் விலாசத்தப் போட்ட? எவனாவது புலிக்கு எழுதுற கடுதாசியப் புலி வாயில குடுத்து அனுப்புவானா?

— நமக்கு வேற விலாசம் ஏதுங்க? இந்தத் தோட்டத்துல பொறந்தேன், இங்கயே படிச்சேன், இங்கயே வேல செய்யிறேன். என் பேருக்கு ஒரு கடுதாசி நேரா வரணும்னா நான் எங்க போய் நிக்கணும்?

— கணக்குப் பாக்குறேன். துரை இதப் பாத்தா, மொதல்ல ஒன் வேல. அப்பறம் என் வேல. வேல போனா குவாட்டர்ஸ். நம்ம மக லோஜினி அடுத்த வருசம் ஏ.எல். பரீட்சை எழுதுறா. எங்க கொண்டு போய் வச்சுப் படிக்க வைப்ப? என்னைய வேற எவன் வேலைக்கு எடுப்பான்? என்ன தெரியும்னு கேட்டா என்ன சொல்றது? கவர் வெட்டுவேன், ரொம்ப நேரா வெட்டுவேன்னா?

— எனக்கும் பயந்தான். பயமில்லன்னு யாரு சொன்னா. கடுதாசியப் பெட்டியில போட்டுட்டு ஒரு வாரம் சோறு எறங்கல. நீங்க கூடக் கேட்டீங்க, விரதமான்னு.

— வெள்ளிக்கெழம விரதம்னு நெனச்சேன். செவ்வாக்கெழமையும் சாப்பிடலைன்னப்ப, ரெண்டு சாமிக்கும் இருக்கா போலன்னு நெனச்சேன். மத்தவங்க கடுதாசியெல்லாம் வாசிக்கிறவன் ஒன் மொகத்த வாசிக்கல.

— ஒங்க போன் அடிக்குது. பாருங்க, துரை.

— எடுக்கட்டுமா?

— எடுங்க. பெரிய கிளாக்கருக்குத்தானே வருது.

— ஹலோ, குட் ஈவினிங் சேர். ... இப்ப பரவாயில்லைங்க சேர். வயித்து வலிதான். ... ஆமாங்க சேர், அதனாலதான் மத்தியானமே கெளம்பிட்டேன். ... கவர்மெண்டு கடுதாசியா? ஸ்டோர் கிளாக்கர் சொன்னாருங்களா? ... வந்திச்சு சேர். ... ட்ரேயில இல்லைங்க சேர், என் பையோட வந்திருச்சு. ... மிஸ்டேக்தான் சேர். ... என் வைஃப் பேருக்கு சேர். ... தொறந்தேன் சேர், ரூல்ஸ்படி. ... என்ன விசயம்னு போன்ல சொல்ற மாதிரி இல்லைங்க சேர். ... காலையில நானே நேர்ல வந்து சொல்றேன். ... சரிங்க சேர். குட் நைட் சேர்.

— மத்தியானமே கெளம்பிட்டீங்களா? நீங்க வீட்டுக்கு வந்தது ஆறு மணிக்கு.

— வயித்து வலிக்காரன் மெதுவாத்தான் நடப்பான்.

— ஒங்களுக்கு எங்க வயித்து வலி? வந்ததும் நாலு ரொட்டி சாப்டீங்க.

— வந்த வலி போயிருச்சு.

— சரி. காலையில துரைகிட்ட நேர்ல சொல்லப் போறீங்க.

— சொல்லாம முடியுமா? கேட்டுட்டாருல்ல.

— போன எடுக்குறதுக்கு முன்னாலேயே எந்திரிச்சு நின்னீங்க. ஒங்களுக்குத் தெரியுங்களா? அவரு அங்க பங்களாவுல இருக்காரு, நீங்க இங்க சாரத்தோட நிமிந்து நிக்கிறீங்க. "சேர்"னு சொல்லும்போதெல்லாம் தலை ஒரு தடவ ஆடுது.

— அது தலையோட பழக்கம். எங்கப்பாவுக்கும் ஆடும். அவரு காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல ஆட்டுனாரு, நான் போன்ல ஆட்டுறேன். வளந்துட்டோம்ல.

— நான் பயந்த மனுசனக் கட்டிக்கிட்டேன்னு எனக்கு எப்பவோ தெரியும். அதுல எனக்கு வருத்தமில்ல. பயந்தவங்க வீட்டுல அடிதடி கெடையாது. ஆனா ஒரு உதவி செய்யுங்க. கடுதாசியக் கொண்டு போய்க் குடுங்க, சொல்லுறதச் சொல்லுங்க. அந்தக் கவர மட்டும் என்கிட்ட குடுத்துருங்க.

— எந்த உறை?

— இது வந்த கவரு. முத்திரை குத்தி, நீங்க கையெழுத்துப் போட்டது. அதத்தானே கேட்டிருக்காங்க. பையில கடுதாசி மட்டுந்தான் இருக்கு.

— அது இல்ல.

— இல்லன்னா?

— என்கிட்ட இல்ல.

— ஆபீஸ்லயே விட்டுட்டீங்களா?

— இல்ல.

— கிழிச்சிட்டீங்களா?

— உறையக் கிழிக்கிற கையா இது?

— அப்போ எரிச்சிட்டீங்க. சுலக்ஷனா கைய மடக்கிக்கிட்டுப் போனப்ப கூட எனக்கு ஒங்க மேல கோவம் வரல. மனுசன் யோசிக்காம செஞ்சிட்டாரு, வாக்கியத்து மேல ஆசப்பட்டுச் செஞ்சிட்டாருன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முறைப்பாடு எழுதுறப்ப கூட ஒங்க பேர எழுதக் கை வரல. இது அப்பிடியில்ல. இது யோசிச்சுச் செஞ்சது.

— ஆமா. இது யோசிச்சுத்தான் செஞ்சேன்.

— எங்க போட்டீங்க?

— போஸ்ட் ஆபீஸ்ல. ரெஜிஸ்டர் பண்ணி.

— என்னதுங்க?

— ஒன் உறையத்தான். இன்னொரு உறைக்குள்ள வச்சு, நுவரெலியாவுக்கு. கூட ஒரு தாள் எழுதி வச்சேன். "இதைத் திறந்தவன் நான். இதற்கு முன் வந்தவற்றைத் திறந்தவனும் நான். அறிவித்தலை எழுதியவனும் நான். சுதாகரன்." ஆபீஸ்ல எழுதுனது அம்புட்டுதான். ரொம்ப மொட்டையா வந்திருச்சு. எனக்கே அந்த நடை பிடிக்கல.

— பதவிய எழுதலையா? பெரிய கிளாக்கர்னு?

— இல்ல. பேரு மட்டுந்தான். ஏன், நீ அழுவுறியா?

— இல்ல. பொக. அடுப்புப் பொக.

— நம்ம வீட்டுல கேஸ் அடுப்பு ஜெயந்தினி.

— சும்மா இருங்க. துரைகிட்ட காலையில என்ன சொல்லுவீங்க?

— இதத்தான். நேர்ல சொல்றேன்னுதானே சொன்னேன். கடுதாசி ஒன் பேருக்கு வந்தது. நீ காட்டுன்னா காட்டுவேன், வேணாம்னா மடிச்சு இங்கயே வச்சுட்டுப் போவேன். தலைய ஆட்டாம சொல்ல முடியுமான்னு மட்டுந்தான் தெரியல. போற வழியெல்லாம் பழகிப் பாக்கணும்.

— போஸ்ட் ஆபீஸ் போய்ட்டு வரவா ஆறு மணி ஆச்சு? ராகலைக்குப் போய்ட்டு வர ஒரு மணி நேரம் கூட ஆகாதே.

— ராகலையில போடல. வலப்பனையில போட்டேன்.

— அம்புட்டுத் தூரம் எதுக்குங்க?

— பதில் எங்க வரணும்னு எழுதுறதுக்குத் தாளுல ஒரு எடம் விட்டிருந்தேன். ஆபீஸ் விலாசம் எழுதப் போனேன், பேனா நின்னிருச்சு. எழுதுனா பதிலயும் நான்தானே வெட்டணும். வெட்டி முடிச்சு எனக்கு நானே கையளிக்கணும்.

— அதுக்கு வலப்பனைக்கு ஏன்?

— சுலக்ஷனாவோட அம்மா வீடு டவுன்ல இருக்கு. கதவுல நம்பர் இருக்குமாம், தபால் நேரா வாசலுக்கு வருமாம். சின்னராசா சொன்னான். அந்த விலாசத்தப் போடலாமான்னு கேக்கப் போனேன். அவளுக்கு நடந்தத எழுதலாமான்னும் கேக்கணும். கேக்காம எழுதுனா, அதுவும் இன்னொரு தடவ தொறக்குறதுதானே.

— போய்க் கேட்டீங்களா?

— கேட்டேன். யாருன்னு கேட்டா. பெரிய கிளாக்கர்னு சொல்ல வாய் வந்திச்சு, சுதாகரன்னு சொன்னேன்.

— கதவத் தொறந்தாளா?

— தொறக்கல. நான் வந்த விசயத்தச் சொல்லி முடிச்சதும் உள்ள இருந்தே "எழுதுங்க"ன்னு சொல்லி, வீட்டு நம்பரையும் சொன்னா. நான் வெளியில நின்னு, அவளுக்கு நடந்ததையும் அந்த நம்பரையும் தாளுல எழுதிக்கிட்டு வந்தேன்.